ஒரு புள்ளி அகலம், ஒரு புள்ளி உயரம்

"மூணு கட்டம் உள்ள வரியில மூணு கட்டமும் வேணும் மக்களே. ஆளு இல்லேண்ணா எடமெங்கிலும் வேணும்."

டீச்சர் இதைச் சொல்லாத நாளே கிடையாது. கரும்பலகையில் மூன்று கட்டம் வரைவார். நடுக்கட்டத்தை உள்ளங்கையால் அழிப்பார். "இப்பம் என்ன ஆவும்?" என்று கேட்பார். நாங்கள் வாய் திறப்பதற்குள் மூன்றாவது கட்டத்தையும் அழித்து, அதை நடுவில் கொண்டுவந்து வரைவார். "பாத்தியளா? பக்கத்தில நிக்கவன் வந்து ஏறிக்குவான். வரியே கெட்டுப்போவும். ஆளு இல்லேண்ணு கட்டத்த எடுத்துக் களையப்பிடாது, கேட்டியளா?"

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், ஒரு குடைக்கடைக்கு மேலே, இரும்புப் படியேறிப் போனால் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். ஒரே அறை. யாரோ கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர்கள். ரயில் போகும்போது மேஜையெல்லாம் அதிரும். இணையப் பக்கம் அமைக்க நான் அங்கேதான் படித்தேன். டேபிள் போட்டு அமைக்கும் முறை அது. உலகம் டேபிளை விட்டு வேறு வழிக்குப் போய்விட்டது எங்களுக்குத் தெரியாது. எங்கள் பாடத்திட்டத்துக்கும் தெரியாது. பக்கம் முழுவதும் ஒரு பெரிய அட்டவணை. மேல் வரிசை தலைப்புக்கு, இடது கட்டம் பட்டியலுக்கு, நடுக்கட்டம் சொல்ல வந்த விஷயத்துக்கு. வேலை முடியும்வரை கோடுகள் தெரியும். முடிந்ததும் பார்டர் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டால் கோடுகள் மறைந்துவிடும். படமும் எழுத்தும் தாமாக அப்படி ஒழுங்காக வந்து நின்றதுபோல இருக்கும்.

டீச்சர் எங்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். ஒல்லி. இஸ்திரி போட்ட பருத்திச் சுடிதார், கழுத்தில் சிலுவை பதித்த மின்னுத்தாலி, கையில் எப்போதும் நீளக்குடை. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இரண்டு கட்டத்தை ஒன்றாக்குவது எப்படி என்று ஷிபு கேட்டதற்கு, "பள்ளியில பெஞ்சு பாத்திருக்கியாலே? ரெண்டு பேருக்க எடத்தில ஒரு தடியன் இருந்தா, அதாக்கும் கால்ஸ்பேன்" என்றார். ஷிபு தடியன். அறையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் பலகையில் அதை வரைந்துகொண்டிருந்தார்.

நான் அப்போது பிளஸ் டூ முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான், அதுவும் ஒரு பெண். அப்பாவுக்குக் காரோடு கிராமத்தில் வாழைத்தோட்டத்துக் கூலி வேலை. அம்மா முந்திரி ஆபீஸில் கொட்டை உடைத்து, விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனவள். பஸ்ஸின் பலகையை வாசிக்க இருவருக்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த வீட்டிலிருந்து வந்து நான் ஒரு பக்கத்தை எழுதினேன், அது திரையில் வந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன். அவ்வளவு கர்வம். அதில் எனக்கு இன்றும் கூச்சம் இல்லை. என் வரிகளில் பிழை இருக்காது. திறந்த கட்டத்தை மூடாமல் விட்டதில்லை. டீச்சர் என் திரைக்குப் பின்னால் வந்து நின்றால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போய்விடுவார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது.

காலியான கட்டம் அவருக்குப் பொறுக்காது. உள்ளே ஒன்றும் வைக்காவிட்டால் அந்தக் காலத்துத் திரைகளில் கட்டம் சுருங்கிவிடும், அல்லது அதன் நிறம் போய்விடும். அதற்குப் புத்தகத்தில் ஒரு வழி உண்டு: கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளியை எழுத்தாக வைப்பது. "அது பரீச்சைக்கு மட்டும் எழுதினா மதி" என்பார் டீச்சர். பக்கத்தில் வைக்க அவரே ஒரு படம் தந்திருந்தார். படத்தின் பெயர் 'பிளாங்க்'. அதைப் போட்டு, அகலம் ஒன்று, உயரம் ஒன்று என்று எழுத வேண்டும். ஒரு புள்ளி அகலம், ஒரு புள்ளி உயரம். கட்டம் நிறைந்ததாகக் கணக்கு. பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

ஒன்றும் தெரியாது என்பது முழு உண்மை அல்ல. உற்றுப் பார்த்தால் மண்ணிறத்தில் ஒரு துகள் தெரியும். நாங்கள் அதை மானிட்டரில் படிந்த தூசி என்றுதான் நினைத்தோம். விரலில் எச்சில் தொட்டுத் துடைப்போம். போகாது. ரயில் போனதில் கூரையிலிருந்து உதிர்ந்தது என்று ஷிபு சொல்வான். அந்தச் சென்டரில் படித்த எல்லோருடைய பக்கத்திலும், அங்கங்கே அந்தத் தூசி இருந்தது.

ஷிபுதான் முதலில் சந்தேகப்பட்டான். சோம்பேறிக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படும். அவனுடைய பக்கம் திறக்க நேரமாகும். கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருப்பான். ஒரு நாள் கேட்டான்: "டீச்சரே, இந்த ஒண்ணுமில்லாத்ததுக்கு என்ன இத்தற பாரம்?"

"என்னலே?"

"பிளாங்க் எண்ணு ஒரு படம் தந்தியளே. ஃபைலுக்க சைஸ் பாத்தா எனக்க பூப்படத்தை விட அதுக்குத்தான் பாரம் கூடுதல். வெறும் புள்ளி இத்தற கனக்குமா?"

குடைக்கடைக்காரர் கூப்பிட்டார் என்று டீச்சர் அப்போது கீழே போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். "ஒனக்கு ஒள்ள வேலையைச் செய்யிலே" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் படியில் இருக்கும்போதே ஷிபு 'ஒன்று' என்ற இரண்டு எண்களையும் அழித்து முந்நூறு, நானூறு என்று போட்டான். "இப்பம் வெள்ளையடிச்ச செவரு வரும், பாரு" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

வந்தது ஒரு முகம்.

இருபத்தைந்து, முப்பது வயதிருக்கும். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு ஆண். பின்னால் ஆறு கடலில் சேரும் மணல்திட்டு. பூவார் என்று பார்த்ததும் தெரிந்தது. வாய் எதையோ சொல்ல ஆரம்பித்து நின்றதுபோல இருந்தது. ஷிபுவின் பக்கத்தில் ஆறு வெற்றுக் கட்டங்கள். ஒரே ஒரு கட்டத்தில்தான் எண்ணை மாற்றியிருந்தான். மற்ற ஐந்திலும் அந்தத் துகள் அப்படியே இருந்தது. எங்கள் கண் ஒவ்வொன்றாக அதன் மேல் போயிற்று. ஒவ்வொருவரும் மெல்லத் தங்கள் திரையின் பக்கம் திரும்பினோம். அங்கேயும் இருந்தது.

டீச்சர் மேலே வந்தபோது ஷிபுவால் அதை மூடக்கூட முடியவில்லை. அவர் வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார். திரையைப் பார்க்கவில்லை; அவன் கையைத்தான் பார்த்தார். குனிந்து, அகலத்தை ஒன்றாக்கினார். உயரத்தை ஒன்றாக்கினார்.

"அவிய ஆக்கும்" என்றார். "எனக்க வீட்டுக்கார். இப்பம் தெரிஞ்சாச்சில்லியா? இனி வேலையைப் பாருங்க."

வளைகுடாவில் மீன்பிடி லாஞ்சில் எஞ்சின் பார்க்கப் போனவர். கல்யாணம் ஆகிப் பத்து மாதத்தில் போனார். வேறொரு லாஞ்சுக்கு மாறப்போகிறேன் என்று போனில் சொன்னதுதான் கடைசி. எந்த லாஞ்சு, யார் முதலாளி, அது எந்தத் துறையிலிருந்து கிளம்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. சேதி இல்லை, உடல் இல்லை. நான் சென்டரில் சேர்ந்தபோதே பல வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த கதைதான். எனக்குத்தான் அன்று தெரிந்தது.

எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. என் பக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் என்னைக் கேட்காமல் ஒரு ஆளைக் குடிவைத்திருக்கிறார். மறுநாள் மற்றவர்கள் வருமுன் போய்க் கேட்டேன்.

"டீச்சரே, எனக்க பேஜில அவரு எதுக்கு?"

அவர் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார். "அங்க என்ன வெச்சிருந்த நீ?"

"ஒண்ணும் வெக்கல்ல. காலிக் கட்டம்."

"காலிதானே? இல்லாத எடத்தில இல்லாத ஆளு இருந்தா ஒனக்கு என்ன சேதம் மக்கா?"

போய் உட்கார்ந்து, என் பக்கத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்தேன். புத்தகத்தில் சொன்ன இடைவெளியை வைத்தேன். பக்கம் இம்மி மாறவில்லை. அதே அகலம், அதே நிறம். ஆனால் துகள் இருந்த இடத்தையே என் கண் தேடியது. ஒரு ஆளைத் தள்ளிக் கதவைச் சாத்தியதுபோல இருந்தது. மத்தியானம் சாப்பிடப் போகுமுன் திரும்ப வைத்துவிட்டேன். டீச்சர் பின்னால் வந்து நின்றார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போனார்.

இரண்டு பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்கள். "சாவாத்தவன் முகம் சாவுக்குமேல பயமாக்கும்" என்று ஒருத்தியின் அம்மா படியில் நின்று கத்திவிட்டுப் போனாள்.

இன்று நான் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் மின்னஞ்சலில் அனுப்பும் விளம்பரங்களை வடிவமைக்கிறேன். மெயில் பெட்டிகளுக்குப் புது முறைகள் ஒத்துவராது. அங்கே இன்னமும் டேபிள்தான். கூட இருக்கும் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதுவார்கள். என் விரல் தானாக எழுதும். காலிக் கட்டம் வந்தால் மட்டும் ஒரு கணம் நிற்பேன். திரையில் தூசி விழுந்தால் நான் துடைப்பதில்லை. முதலில் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பேன். எழுத்தோடு சேர்ந்து நகர்கிறதா, இல்லை கண்ணாடியிலேயே நிற்கிறதா என்று.

டீச்சரின் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குக் கேக் சாப்பிட வரச்சொன்னார். சிறிய ஓட்டுவீடு, தனியாகத்தான் இருந்தார். படியில் ஆண்களுடைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, புத்தம் புதிது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் வாசலிலேயே நின்றேன்.

"கேறி வா மக்கா. அவியளுக்கு உள்ளதாக்கும். போன மாசம் வாங்கினது."

நான் செருப்பையே பார்த்தேன். அவர் ஒரு விவரத்தை விளக்குவதுபோலச் சொன்னார்: "ரப்பரில்லியா? நடக்காம கெடந்தாலும் வாரு அறுந்துபோவும். வருஷத்துக்கு ஒண்ணு வேணும்."

வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு "ரெண்டு" என்றுதான் சொன்னாராம். இதை ஷிபு சொன்னான். அவன் வீடு அதே சந்தில். அடுத்த ஆள் எங்கே என்றதற்கு, "ஜோலிக்குப் போயிருக்கு."

டீச்சருடைய அண்ணன் ஒரு தடவை சென்டருக்கே ஒரு சம்பந்தத்தைச் சொல்ல வந்தார். நெய்யாற்றின்கரையில் கோர்ட் குமாஸ்தா, நல்ல மனுஷன், முதல் மனைவி இறந்துவிட்டாள். அண்ணன் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், அறை சிறியது. "எத்தற நாளு இப்பிடி? ஒரு பதில் சொல்லு பிள்ளே."

"எடம் ஒழிஞ்சு கெடக்கல்ல அண்ணா" என்றார் டீச்சர். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எங்க நிறுத்தினோம்? செல்பேடிங். கட்டத்துக்க வரம்புக்கும் உள்ள இருக்க பொருளுக்கும் நடுவில எத்தற அகலம் வேணும்..." அண்ணன் செல்பேடிங் முடியும்வரை நின்றுவிட்டுத்தான் இறங்கிப்போனார்.

அந்த வருஷம் டீச்சருடைய சபை ஒரு இணையப் பக்கம் வேண்டும் என்று கேட்டது. எங்களுக்குச் செய்முறைப் பயிற்சி ஆகும் என்று அவர் ஒப்புக்கொண்டார். நான் இந்துப் பிள்ளை. கோயிலைத் தவிர வேறெங்கும் போனதில்லை; எங்கள் பக்கம் பள்ளி என்று சொல்லும் சர்ச்சின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் அந்தச் சபையின் குடும்பங்கள் அத்தனையையும் நான்தான் கட்டங்களில் அடுக்கினேன். கடைசியாக ஒரு பக்கம்: இறந்தவர்களின் நினைவுப் பக்கம். அதில் மட்டும் டீச்சர் பார்டரை எடுக்கவில்லை. ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் கறுப்புக் கோடு, கீழே பெயர்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் அவருடைய மாமியார் வந்தார்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இரும்புப் படியில் ஒவ்வொரு அடியாக யாரோ நின்று நின்று ஏறும் சத்தம். வெள்ளை முண்டு, வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளைக் கவணித்துணி போர்த்திய ஒரு கிழவி. இளைய மகன் வீட்டில் இருப்பவர். மூச்சு வாங்க வாசலில் நின்றார். டீச்சர் எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். கிழவி உட்காரவில்லை.

"எனக்கு ஒரு படம் தா."

"எந்தப் படம் மாமி?"

"ஒனக்குத் தெரியும். நினைவு ஞாயிறு வருது. மற்றவியளுக்க பிள்ளையெல்லாம் அங்க உண்டு. எனக்க மோனும் அங்க வேணும்."

கல்யாண ஆல்பம் கிழவியின் வீட்டில்தான் இருந்தது. ஒரு மழையில் கூரை ஒழுகி, ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தபோது முகமெல்லாம் உரிந்துபோனது. டீச்சர் பூவாரில் எடுத்து, ஸ்டுடியோவில் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்த ஒன்றுதான் மிச்சம்.

"செத்தவியளுக்கு உள்ள எடமாக்கும் அது" என்றார் டீச்சர்.

"இல்லேண்ணு நான் சொன்னேனா? பள்ளி முற்றத்தில ஒவ்வொரு அம்மைக்கும் ஒரு கல்லறை உண்டு. ஒரு மெழுகுதிரி கொளுத்தி வெச்சு அழுவுதுக்கு எடம் உண்டு. எனக்கு எங்க உண்டு? நான் அடுக்களையில அழுதா எளையவனுக்க பொண்டாட்டி புகையா மாமி எண்ணு கேப்பா."

"அழுவுதுக்கு மொதல்ல சாவணும் மாமி."

கிழவி எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். "ஒனக்கு அவன் பத்து மாசம். வயித்தில மட்டும் எனக்கும் பத்து மாசம் உண்டு. அதுக்கு மேல உள்ள வருஷத்துக்கெல்லாம் நீ என்ன சொல்லுவ?" பிறகு குரல் தழைந்தது. "பிள்ளே, எனக்குக் கண்ணு மங்கிட்டு வருது. அவனுக்க முகம் எனக்கு ஓர்மை வரமாட்டேங்குது. மூக்கு வருது, கண்ணு வரல்ல. கண்ணு வந்தா வாய் வரல்ல. ஒரு தரம் காட்டு."

அந்த அறையில் பத்துத் திரைகள் எரிந்துகொண்டிருந்தன. பத்திலும் அவர் மகன் இருந்தார். அது கிழவிக்குத் தெரியாது. எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஷிபு தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"அவிய வந்த பெறவு நேரில காணலாம் மாமி."

கிழவி படியிறங்கும் சத்தம் ஏறியபோது கேட்டதைவிட மெதுவாக இருந்தது. எனக்கு டீச்சரின் மேல் வெறுப்பு வந்த ஒரே நாள் அது.

சபையின் செக்ரட்டரிக்கு இந்த விஷயத்தை இப்படியே விட மனமில்லை. அவர் ஓய்வுபெற்ற மனிதர். டீச்சரிடம் நாலைந்து வகுப்பு வந்து உட்கார்ந்துவிட்டு, "நானும் கோடிங் படிச்சாச்சு" என்று சபையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவர். ஷிபு முகத்தைப் பெரிதாக்கிய கதை அவர் காதுக்கும் போயிருந்தது. சபைப் பக்கத்தின் வெற்றுக் கட்டங்களிலும் டீச்சர் அதே படத்தைத்தான் வைத்திருந்தார். செக்ரட்டரி அந்த ஒரு வரியை அப்படியே பெயர்த்து, நினைவுப் பக்கத்தில் கறுப்புக் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள் ஒட்டினார். கீழே பெயரை அடித்தார். சரியாக வந்ததா என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, கிழவியிடம் மட்டும் சொன்னார்.

நினைவு ஞாயிறன்று எங்களையும் பள்ளிக்கு வரச்சொன்னார்கள். ஆராதனை முடிந்து, ஒரு பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி, பீடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத்துணி கட்டி, புரொஜெக்டரை ஓடவிட்டார்கள். நான் பெண்கள் பக்கத்தில் டீச்சருக்கு அருகில் இருந்தேன். கம்ப்யூட்டரைத் தானே பார்த்துக்கொள்வதாகச் செக்ரட்டரி பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். நான் அடுக்கிய குடும்பங்கள் ஆளுயரத்துக்குத் திரையில் வந்தன. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு நினைவுப் பக்கம். செக்ரட்டரி ஒவ்வொரு பெயராக வாசித்தார். வாசிக்கும்போது அந்தக் குடும்பம் எழுந்து நின்றது.

கடைசியாக ஒரு பெயர் வாசித்தார். டீச்சரின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

முன்பெஞ்சில் கிழவி எழுந்து நின்றார். திரையில் கறுப்புக் கோடு போட்ட கட்டம். கீழே பெயர். கட்டத்துக்குள் ஒன்றும் இல்லை.

ஜனம் காத்திருந்தது. செக்ரட்டரி மவுஸை உருட்டினார். "புரொஜெக்டருக்க கேடாக்கும்" என்றார். திரைக்குப் போய்ப் பார்த்தார். நடுவில் ஒரு துகள் தெரிந்தது. கைக்குட்டையால் அதைத் துடைத்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் மறுபடியும் துடைத்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வரியைப் பெயர்த்தவர் அதன் வாலில் நிற்கும் இரண்டு எண்களையும் சேர்த்தே பெயர்த்திருக்கிறார். அகலம் ஒன்று, உயரம் ஒன்று. அது என்னவென்று அவருக்குத் தெரியாது. அந்தப் பள்ளியில் அது தெரிந்தவர்கள் எங்கள் சென்டர் ஆட்கள் மட்டும்தான். ஷிபு ஆண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தான். நான் டீச்சரைப் பார்த்தேன்.

அவர் சும்மா இருந்தால் போதும். மிஷின் கோளாறு என்று சொல்லிப் பக்கத்தை மூடிவிடுவார்கள். செத்தவர்களின் பட்டியலில் அவர் கணவருக்கு முகம் விழாது. டீச்சர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன். கிட்டத்தட்டச் சிரிப்பு என்றே சொல்லலாம்.

"எனக்க மோன் எங்க?" என்றார் கிழவி.

"இப்பம் வரும் அம்மச்சி, இத்திரி பொறுங்க" என்றார் செக்ரட்டரி.

"நீங்கதானே சொன்னிய, உண்டு எண்ணு?" கிழவி திரும்பி ஜனத்தைப் பார்த்தார். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இருக்கவியளுக்க கூட்டத்தில தேடினேன், இல்ல. போனவியளுக்க கூட்டத்திலயும் இல்லேண்ணா எங்கதான் நிக்கான் அவன்? ஒற்றைக்கு எங்க நிக்கான்?"

என் மணிக்கட்டில் இருந்த பிடி விட்டது. டீச்சர் எழுந்தார். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போனார். செக்ரட்டரி நாற்காலியை விட்டு நகர்ந்துகொண்டார்.

நினைவுப் பக்கம் மறைந்து அதன் எழுத்துகள் திரையில் வந்தன. நான் எழுதிய வரிகள். சபை முழுவதும் ஒன்றும் புரியாமல் அதைப் பார்த்தது. அம்புக்குறி கீழே கீழே போய் ஒரு வரியில் நின்றது. அகலம் ஒன்று. அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் கர்சரின் கோடு மினுங்கிக்கொண்டே இருந்தது. போதகர் இருமினார். வெளியே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கோடு மினுங்கிக்கொண்டே இருந்தது.

பிறகு அந்த எண் அழிந்தது. அவர் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். எங்களுக்கு அவ்வளவு வேகமாகச் சொல்லித்தந்தவர், ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். அகலம். உயரம். சேமித்து, பக்கத்தை மறுபடி திறந்தார்.

வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதையோ சொல்ல வாயெடுத்தபடி, கறுப்புக் கோட்டுக்குள் அவர் நின்றார். சுவர் அளவுக்கு விரிந்ததில் முகம் சிறு சிறு சதுரங்களாக உடைந்திருந்தது. ஆனாலும் முகம்தான்.

கிழவி ஒரு சத்தம் போட்டார். அழுகை அல்ல, வெகுநேரமாகத் தூக்கிவந்த சுமையைத் தலையிலிருந்து இறக்கும்போது வரும் சத்தம். நேராகத் திரைக்கு நடந்துபோய், இரண்டு கையையும் விரித்து அந்த முகத்தின் மேல் வைத்தார். புரொஜெக்டர் வெளிச்சம் அவர் முதுகில் விழுந்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் அந்த வெள்ளைக் கவணியில் மடிந்து, அவர் விம்மும்போதெல்லாம் அசைந்தது. திரையில் மீதி இருந்தது நெற்றியும் ஒரு காதும் மட்டும்தான். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் அழத் தொடங்கியிருந்தார்கள்.

டீச்சர் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து நின்றார். இடது பக்கம் சாய்ந்து பார்த்தார். வலது பக்கம் சாய்ந்து பார்த்தார். அந்தப் படத்தை அவர் எத்தனை வருஷமாக ஒரு புள்ளியாகவே பார்த்துவந்தார் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"மாமி," என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான். "மாமி, இத்திரி மாறி நில்லுங்க. நானும் ஒண்ணு காணட்டு."